கல்லை விற்றாரா, சுவரைக் கட்டினாரா?

குமரி மாவட்டத்துக் கடியப்பட்டணத்தில் வள்ளியாறு கடலோடு கலக்கிறது. அதன் பக்கத்து ஊர் முட்டம். ஆனி, ஆடி மாதங்களில் அந்தக் கரைக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குக் கடல் எவ்வளவு பொல்லாதது என்பது தெரியும். அலை மணலை வாரிக்கொண்டு போகும். சில வருஷங்களில் வீட்டு வாசலையும் கேட்கும். ஆகவே கருங்கல் பாறைகளைக் கொண்டுவந்து கரையோரம் கொட்டி, கடலுக்கு ஒரு தடுப்புச் சுவர் போடுகிறார்கள். மராமத்து வேலைதான். டெண்டர் விடுவார்கள், ஒரு காண்டிராக்டர் எடுப்பார், மலையடிவாரத்துக் குவாரியிலிருந்து லாரி லாரியாகக் கல் வந்து இறங்கும்.

இதில் ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் காண்டிராக்டர் செய்தது என்ன? சர்க்காருக்குக் கல்லை விற்றாரா, சுவரைக் கட்டிக் கொடுத்தாரா?

திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர்கள் பொழுது போகாமல் கிளப்புகிற கேள்வி மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் இந்தக் கேள்விக்காக இந்தியாவின் பெரிய வக்கீல்கள் நாள் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். ஹைக்கோர்ட்டுகள் ஒன்றுக்கொன்று முரணாகத் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன. கடைசியில் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டி வந்தது. கல்லை விற்றவர் வியாபாரி. வியாபாரி விற்பனை வரி கட்ட வேண்டும். சுவரைக் கட்டியவர் வேலைக்காரர். அவருக்கு விற்பனை வரி கிடையாது. சமாசாரம் இவ்வளவுதான். ஆனால் இந்த 'இவ்வளவுதான்' பல குடும்பங்களைக் கடனாளியாக்கக் கூடியது.

கதை 1939ல் ஆரம்பமாகிறது. அப்போது மதராஸ் மாகாணத்தில் ராஜாஜியின் மந்திரிசபை. மதுவிலக்கைக் கொண்டுவந்தார், கள்ளுக்கடை வருமானம் போயிற்று. போன வருமானத்தை ஈடுகட்ட வேண்டாமா? அப்படிப் பிறந்ததுதான் பொது விற்பனை வரிச் சட்டம். எல்லாச் சரக்குக்கும் பொதுவான விற்பனை வரியை இந்தியாவில் முதலில் போட்ட மாகாணம் நம்முடையதுதான். அப்போது யாரும் காண்டிராக்டர்களை நினைக்கவில்லை. 1947ல் சட்டத்தைத் திருத்தியபோது நினைத்தார்கள். கட்டடம், சாலை, பாலம் முதலியவற்றைக் கட்டித் தரும் ஒப்பந்தத்தில் பொருள்கள் கைமாறுவதும் விற்பனைதான் என்று எழுதிச் சேர்த்தார்கள்.

ஆனால் காண்டிராக்டர் வாங்குகிற பணம் முழுவதும் கல்லுக்கும் மண்ணுக்கும் அல்லவே! கொத்தனார் கூலி, கையாள் கூலி, சித்தாள் கூலி எல்லாம் அதில்தானே அடக்கம்? அதையும் யோசித்தார்கள். கட்டட வேலைகளில் கூலிக்காக நூற்றுக்கு 30 வரை கழித்துக்கொள்ளலாம், மீதிக்கு வரி என்று விதி செய்தார்கள். ஒரு லட்ச ரூபாய் வேலை என்றால் 70,000 ரூபாய்க்கு வரி. ரூபாய்க்கு மூன்று தம்பிடி வீதம் 1,093 ரூபாய் 12 அணா.

இந்த 30 எங்கிருந்து வந்தது? இது நிறுத்துப் பார்த்துக் கண்ட கணக்கு அல்ல; உத்தேசம். எல்லா வேலைக்கும் சேர்த்து ஒரு மத்திப எண். மாடி வீடு கட்டுகிறவருக்கு அது பொருந்தலாம். கடலில் கல் கொட்டுகிறவருக்குப் பொருந்துமா? குவாரியில் கல்லின் விலை கொஞ்சம். அதை உடைக்கவும், ஏற்றவும், இறக்கவும், அலைக்கு நடுவே நின்று அடுக்கவும் ஆகிற செலவுதான் பெரிது. அந்தச் செலவு நூற்றுக்கு 60 ஆனாலும் விதி 30ஐத் தாண்டாது. சட்டம் ஆரம்பத்திலேயே ஒரு சமரசத்தைச் செய்து, அதைக் காண்டிராக்டரிடம் கேட்காமலே அவர் தலையில் வைத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

பெரிய கம்பெனி ஒன்று இதை ஒப்புக்கொள்ளவில்லை. கானன் டங்கர்லி அண்டு கம்பெனி (மதராஸ்) லிமிடெட் என்பது அதன் பெயர். 1949–50ஆம் வருஷத்துக்கு அதன் கட்டட ஒப்பந்தங்களின் தொகை சுமார் 29½ லட்ச ரூபாய். அதற்கு விற்பனை வரி கேட்டார்கள். 'நாங்கள் கட்டடம் கட்டினோம்; யாருக்கும் எதையும் விற்கவில்லை' என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போயிற்று. 1954ல் மதராஸ் ஹைக்கோர்ட் கம்பெனியின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சர்க்கார் விடவில்லை, சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று.

இந்த இடத்தில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு விசித்திரம் நேர்ந்தது. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1ஆம் தேதி வரை திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்தைச் சேர்ந்தவை. கடியப்பட்டணம் கல்குளத்தில் இருந்தது. திருவிதாங்கூர்–கொச்சிக்கும் சொந்தமாக ஒரு விற்பனை வரிச் சட்டம் உண்டு; அதுவும் காண்டிராக்டரை வியாபாரியாகத்தான் பார்த்தது. இதே கம்பெனி அந்தப் பக்கத்திலும் வழக்காடியது. கேரள ஹைக்கோர்ட், மதராஸ் ஹைக்கோர்ட்டின் கருத்தை ஏற்காமல், வரி செல்லும் என்றது. மைசூர், ஹைதராபாத், நாகபுரி ஹைக்கோர்ட்டுகளும் வரிக்குச் சாதகமாகவே பேசின.

விளைவைப் பாருங்கள். ராஜ்யங்களைப் பிரித்தமைத்தபோது களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் கேரள ஹைக்கோர்ட்டின் சொல் செல்லும். இந்தப் பக்கம் மதராஸ் ஹைக்கோர்ட்டின் சொல் செல்லும். அதே கல், அதே சுண்ணாம்பு, அதே கொத்தனார். பாறசாலையில் சுவர் வைத்தால் அவர் வியாபாரி. குழித்துறையில் வைத்தால் வேலைக்காரர். சட்டப் புத்தகங்கள் உடனே மாறிவிடவில்லை. பழைய சட்டம் சிலகாலம் தொடர்ந்தது. ஆனால் எந்த ஹைக்கோர்ட்டின் படியில் போய் ஏறுவது என்பது மாறிவிட்டது. ஒரு மனிதன் யார் என்பதை அவன் செய்யும் தொழில் சொல்லவில்லை, அவன் நிற்கும் இடம் சொன்னது.

1958 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. எழுதியவர் நீதிபதி டி.எல். வெங்கடராம ஐயர். சங்கீத ரசிகர்களுக்கு இந்தப் பெயர் பழக்கமானது. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகளில் கரைகண்டவர், டி.கே. பட்டம்மாளுக்குக் கற்பித்தவர், 1944ல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர். தீர்ப்பின் சாரம் இதுதான்: விற்பனை என்றால், ஒரு பொருளை விற்பதாகவும் வாங்குவதாகவும் இரண்டு பேர் உடன்பட வேண்டும், அந்தப் பொருள் பொருளாகவே கைமாற வேண்டும். வீடு கட்டச் சொல்கிறவர் செங்கல்லை விலை பேசுவதில்லை. செங்கல் சுவரில் சேர்ந்து நிலத்தோடு ஒட்டிய பிறகுதான் அவருடையதாகிறது. ஒப்பந்தம் ஒன்றே, அதைக் கல் என்றும் கூலி என்றும் பிளக்க முடியாது. ஆகவே இது விற்பனை அல்ல. ராஜ்யங்கள் இதற்கு வரி போட முடியாது. ராகத்தைப் பிய்த்து ஸ்வரங்களைத் தனித்தனியே விலை பேச முடியாது என்பதை அறிந்தவர் எழுதிய தீர்ப்பு என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இது கதைக்காரனின் கற்பனை. சட்டத்துக்கு இதில் சம்பந்தம் இல்லை.

பெரிய கம்பெனி ஜெயித்தது. சரி. ஆனால் கணக்கப்பிள்ளையும் வக்கீலும் வைத்துக்கொள்ள வசதியில்லாத சிறு காண்டிராக்டர் 1947 முதல் 1958 வரை பதினோரு வருஷங்கள் என்ன செய்திருக்க முடியும்? அவர் பில் பாஸாவதற்காக மராமத்து ஆபீஸ் வாசலில் நிற்கிறவர். அடுத்த டெண்டரும் அந்த ஆபீஸிலிருந்துதான் வர வேண்டும். வரிக் கச்சேரியில் 'இவ்வளவு கட்டு' என்றால், 'கொஞ்சம் குறைத்துப் போடுங்கள்' என்று கேட்பார். ஏதோ ஒரு தொகையில் இரு தரப்பும் நிற்கும். கட்டிவிட்டு வருவார். சமாதானம் ஆகிவிட்டது. அந்தச் சமாதானங்கள் எந்தச் சட்ட அறிக்கையிலும் அச்சாவதில்லை. சரித்திரம் வழக்குகளைத்தான் எழுதி வைக்கிறது.

ஆனால் ஒரே ஒரு சமாதானம் அச்சில் ஏறியது. அதுவும் அதே 1958ல். அது விற்பனை வரி சம்பந்தப்பட்டதல்ல, வருமான வரி. யுத்த காலத்தில் கொள்ளை லாபம் அடித்து வரி கட்டாமல் ஒளித்தவர்களைப் பிடிப்பதற்காக 1947ல் ஒரு விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். அதன் தலைவர், பெடரல் கோர்ட் நீதிபதியாக இருந்த ஸர் எஸ். வரதாச்சாரியார். அகப்பட்டவர்கள் கமிஷனோடு ராஜி பேசி, ஒரு தொகையை ஒப்புக்கொண்டு கட்டலாம் என்றும் சட்டத்தில் வழி வைத்தார்கள். பஷேஷர் நாத் என்பவர் அப்படி 1954ல் ராஜி செய்துகொண்டார். மொத்தம் 3,50,000 ரூபாய். மாதத் தவணை 5,000. கட்டியும் வந்தார்.

இதற்குள், அந்தக் கமிஷன் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளே செல்லாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஒரே மாதிரிக் குற்றம் செய்தவர்களில் சிலரை மட்டும் பொறுக்கியெடுத்துக் கடுமையான முறையில் விசாரிப்பது, எல்லோரும் சட்டத்தின்முன் சமம் என்ற 14ஆவது விதிக்கு விரோதம் என்பது காரணம். அந்தத் தீர்ப்புகளை வாங்கியவர்களில் மதுரை மீனாட்சி மில்லும் ஒன்று. பஷேஷர் நாத் கேட்டார்: 'சட்டமே செல்லாதென்றால் என் ராஜி மட்டும் எப்படிச் செல்லும்?' சர்க்கார் சொன்னது: 'நீ மனமொப்பித்தானே கையெழுத்துப் போட்டாய்? உன் உரிமையை நீயே விட்டுக்கொடுத்துவிட்டாய்.'

1958 நவம்பர் 19ஆம் தேதி ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் பஷேஷர் நாத்தின் பக்கம் நின்றார்கள். ராஜி செல்லாது என்றார்கள். சமத்துவம் என்பது குடிமகனுக்குக் கொடுத்த பரிசு அல்ல. அவன் வேண்டாமென்று திருப்பித் தர முடியாது. அது சர்க்காருக்கு இட்ட கட்டளை என்று பிரதம நீதிபதி எஸ்.ஆர். தாஸ் கருதினார். வரியை ஒளித்த ஒருவருக்காக இவ்வளவு பெரிய தத்துவமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆனால் யோசித்தால் அதன் அருமை விளங்கும். தலைக்குமேல் கத்தி தொங்கும்போது போடுகிற கையெழுத்தை 'மனமொப்பி' என்று சர்க்கார் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதன் பலன். ஒளித்தவருக்குக் கிடைத்த இந்தப் பாதுகாப்பு, ஒளிக்காதவருக்கும் உண்டு.

காண்டிராக்டரின் கதைக்குத் திரும்புவோம். 1958 தீர்ப்பினால் ராஜ்ய சர்க்கார்கள் பெரிய வருமானத்தை இழந்தன. சட்டக் கமிஷன் 1974ல் தன் 61ஆவது அறிக்கையில் இதை ஆராய்ந்தது. 1982ல் அரசியல் சட்டத்துக்கு 46ஆவது திருத்தம் வந்தது. ஒப்பந்த வேலையில் பொருள் கைமாறுவதும் விற்பனையே என்று கருதிக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். கவனியுங்கள், 'விற்பனை' என்று சொல்லவில்லை. 'கருதிக்கொள்ள வேண்டும்' என்றார்கள். கட்டடக்காரர்கள் சங்கம் வழக்குப் போட்டது. 1989ல் சுப்ரீம் கோர்ட் திருத்தம் செல்லும் என்றது. 1992ல் மறுபடியும் கானன் டங்கர்லி! இந்த முறை ராஜஸ்தானத்துக்கு எதிராக. கூலி, வாடகைக்கு எடுத்த யந்திரங்கள், வரைபடச் செலவு, உழைப்பின்மேல் வரும் லாபம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பொருளுக்கு மட்டுமே வரி போட வேண்டும் என்று கோர்ட் பட்டியலிட்டது.

நியாயமான பட்டியல்தான். ஆனால் அதன்படி கழிக்க வேண்டுமானால் கணக்கு வேண்டும். கடற்கரையில் நூறு பேருக்குச் சனிக்கிழமை தோறும் கூலி கொடுக்கிறவர் யாரிடம் ரசீது வாங்குவார்? ஆகவேதான் ராஜ்யங்கள் இன்னொரு கதவைத் திறந்தன. கணக்கே வேண்டாம், மொத்தத் தொகையில் நூற்றுக்கு இவ்வளவு கட்டிவிட்டுப் போ. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மதிப்புக் கூட்டு வரிச் சட்டத்தில், கட்டுமான வேலைகளுக்கு நூற்றுக்கு 2 என்று இந்த இணக்க வரி இருந்தது. இதை ஏற்றுக்கொண்டவர், வாங்கிய சரக்குக்கு முன்பே கட்டிய வரியைக் கழித்துக் கேட்க முடியாது. லாபமோ நஷ்டமோ, ஒரு லட்சத்துக்கு 2,000 ரூபாய்.

கடியப்பட்டணத்துக் கரையில் உள்ளவர்களுக்கு இது புதிய தத்துவமே அல்ல. குமரிக் கடற்கரை ஊர்களில், பிடிபடுகிற மீனில் கோயிலுக்குச் சேர வேண்டிய பங்கைக் குத்தகைக்கு விடுகிற வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஏலத்தில் எடுத்தவர் ஒரு தொகையைக் கட்டிவிடுவார். பிறகு மீன் வந்தால் அவர் பாடு, வராவிட்டால் அவர் பாடு. கோயிலுக்குத் தொகை நிச்சயம். குத்தகைக்காரருக்கு நச்சரிப்பு இல்லை. ஆனால் மீன் படாத வருஷத்தில் குத்தகைக்காரர் தம் கையிருப்பிலிருந்துதான் கொடுக்க வேண்டும். நிம்மதிக்கு விலை உண்டு. அதைப் பெரும்பாலும் பலவீனமானவனே கொடுக்கிறான்.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்திலும் காண்டிராக்டர் யார் என்ற சண்டை உண்டு. அங்கே அது வேறு உருவத்தில் இருக்கிறது. ஒரு என்ஜினீயர் தன் பெயரில் சின்னக் கம்பெனி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒரே முதலாளியிடம் வருஷக் கணக்கில் வேலை செய்தால், அவர் காண்டிராக்டரா, சம்பளக்காரரா? சம்பளக்காரரைப் போன்றவர்தான் என்றால் அந்த மாதிரியே வரி கட்டு என்று 2000 ஏப்ரலில் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பலர் கோர்ட்டுக்குப் போனார்கள். அதைவிடப் பலர் வரி இலாகாவோடு பேசித் தீர்த்துக்கொண்டார்கள். ஆனால் அந்த இலாகா 2007ல் தனக்கென ஒரு நெறியை எழுதி வெளியிட்டது. சட்டப்படி வர வேண்டியதற்கு இசைந்தே ராஜி பேச வேண்டும். 'நீ பாதி, நான் பாதி' என்று பேரம் பேசக் கூடாது. எப்போதும் அப்படியே நடந்ததா என்பது வேறு விஷயம். ராஜி பேசுகிறவனுக்கும் ஒரு விதி வேண்டும் என்று ஒப்புக்கொண்டதே பெரிது.

நம் நாட்டிலும் வருமான வரிக்கு 1976ல் ஒரு சமரசக் கமிஷன் ஏற்படுத்தினார்கள். சென்னையிலும் அதன் கிளை இருந்தது. ஒளித்த வருமானத்தைத் தானாகச் சொல்லிக் கட்டுகிறவருக்குத் தண்டனையிலிருந்து விலக்குக் கிடைக்கும். 2021 பிப்ரவரியில் அதை மூடிவிட்டார்கள். தமிழ்நாட்டில் பழைய விற்பனை வரி நிலுவைகளைத் தீர்க்க 2023ல் ஒரு சமாதானத் திட்டம் வந்தது. 50,000 ரூபாய்க்கு உட்பட்ட நிலுவைகளை முழுக்கத் தள்ளுபடி செய்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவே 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு–சேவை வரி வந்தது. அது என்ன சொல்கிறது தெரியுமா? நிலத்தோடு ஒட்டிய கட்டட ஒப்பந்தம் சரக்கு அல்ல, சேவை! அதாவது காண்டிராக்டர் கல்லை விற்கவில்லை, வேலை செய்தார். எழுபது வருஷம் சுற்றிவந்து, சங்கீத கலாநிதி சொன்ன இடத்துக்கே சட்டம் வந்து நிற்கிறது. வித்தியாசம் ஒன்றுதான். அப்போது வேலைக்காரர் என்றால் வரி இல்லை. இப்போது வேலைக்காரர் என்றாலும் வரி உண்டு.

கோர்ட்டுக்கு வெளியே தீர்த்துக்கொள்வதை நான் குறை சொல்ல வரவில்லை. வழக்கு வீட்டைத் தின்னும் என்பதை நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்கிறவனுக்கும் கொடுக்கிறவனுக்கும் கணக்குத் தெரிந்து, வேண்டாமென்று சொல்லும் வலு இருவருக்கும் இருந்தால், ராஜியைப் போல் நல்ல தீர்ப்பு வேறு இல்லை. ஆனால் அந்த வலு எங்கிருந்து வருகிறது? 1958ல் யாரோ ஒரு பெரிய கம்பெனி கடைசிவரை போய் வாதாடியதால், பெயர் தெரியாத ஆயிரம் சிறு காண்டிராக்டர்கள் மேஜைக்கு முன் நின்று, 'ஐயா, நான் கல் விற்கிறவன் அல்ல' என்று சொல்ல முடிந்தது. பஷேஷர் நாத் தவணையை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்டதால், ராஜிப் பத்திரமும் சட்டத்துக்கு உட்பட்டது என்று ஏற்பட்டது.

கோர்ட்டின் கதவு திறந்திருக்கிறது என்று இரு தரப்புக்கும் தெரிந்திருக்கும்வரைதான் கச்சேரியில் பேசுவது சமாதானம். அந்தக் கதவுக்குப் போகும் வழி செலவினாலோ, தாமதத்தினாலோ, அடுத்த டெண்டர் போய்விடுமோ என்ற பயத்தினாலோ அடைபட்டுவிட்டால், அதே பேச்சுக்குப் பெயர் அடங்கிப்போவது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். இரண்டிலும் ஒரு கையெழுத்து, ஒரு ரசீது, ஒரு கும்பிடு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் படியிறங்குகிறவருக்குத்தான் தாம் செய்தது எது என்று தெரியும்.